வூட்வேட் வீதியின் கால் மைல்

எண்பது வயதைக் கடந்தவர்க்குச் செவி மந்தமாகும் என்பார்கள். எனக்கும் மந்தமாகித்தான் விட்டது. படலையடியில் நின்று தபாற்காரர் அடிக்கும் மணி கூடச் சில நாட்களில் என் காதில் விழுவதில்லை. ஆயினும் சென்ற மாதம், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், "சேர், இதை ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ" என்று கூறித் தமது கைத்தொலைபேசியை என் பக்கம் நீட்டியபோது, அதிலிருந்து எழுந்த முழக்கம் செவியைக் கேளாமலே நேராக நெஞ்சுக்குள் இறங்கிற்று. கையிலிருந்த தேநீர்க் குவளையை மேசைமேல் வைத்துவிட்டேன்.

அது அமெரிக்காவின் டொட்ஜ் கம்பனி 2024 இல் வெளியிட்ட சார்ஜர் என்னும் மின்சார மோட்டார் வண்டியின் ஒலி. பெற்றோல் எரிக்கும் யந்திரம் அவ்வண்டியில் இல்லை. ஆனாலும், அறுபது ஆண்டுகளுக்கு முந்திய அதன் மூதாதையரைப் போலவே உறுமவேண்டும் என்பதற்காக, அந்த முழக்கத்தைச் செயற்கையாக எழுப்பும் கருவியொன்றை அதிலே பொருத்தியிருக்கின்றார்கள்.

"இல்லாத எஞ்சினுக்கு ஏன் சேர் சத்தம்?" என்று மாணவர் சிரித்தார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை கூற எனக்கு ஒரு மாலைப்பொழுது வேண்டியிருந்தது. அன்று அவருக்குக் கூறியதையும், கூறத் தயங்கி விழுங்கிக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகின்றேன்.

ஒஸ்ரின் நாட்டிலிருந்து

1965 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், புலமைப்பரிசில் ஒன்றின் துணையோடு, டிற்றோயிற் நகரிலுள்ள வெயின் மாநிலப் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியல் பயிலச் சென்றேன். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினாற் புதிய மோட்டார் வண்டிகள் இலங்கைக்கு வருவது அருகிவிட்டிருந்த காலம் அது. எங்கள் ஊர்ச் சந்தியில் நின்ற வாடகைக் கார் ஓர் ஒஸ்ரின் ஏ-40. அதன் யந்திரத்தின் கொள்ளளவு 1200 கன சென்ரிமீற்றர். வலு ஏறக்குறைய 40 பரிவலு. அந்த நாற்பது பரிகளும் மணமக்களை இழுத்தன, நோயாளிகளை இழுத்தன, தேர்த்திருவிழாக் காலங்களில் ஒரே தடவையிற் பத்துப் பேரையும் இழுத்தன. வேகம் என்ற சொல்லை அவ்வண்டியோடு சேர்த்து எவரும் உச்சரித்ததில்லை. போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவன், உலகத்தின் மோட்டார்த் தலைநகரிற் போய் இறங்கினேன். டிற்றோயிற் நகரத்தால் ஏறக்குறைய நாற்புறமும் சூழப்பட்டிருந்தும் தனி நகராகவே நின்ற ஹம்ற்றம்மிக் என்னும் இடத்தில், போலந்து வம்சத்தவரான ஒரு விதவைத் தாயாரின் வீட்டு மேல்மாடியில் எனக்கு அறை கிடைத்தது. அவருடைய ஒரே மகன் என்னிலும் இரண்டு வயது இளையவன். வண்டிகளுக்கு அச்சு செய்யும் தொழிற்சாலை ஒன்றிற் பிற்பகல் முறையில் வேலை செய்தான். மணிக்கு மூன்று டொலருக்கு மேற் சம்பளம். அச்சம்பளத்திற் பாதியைத் தாயாரிடம் கொடுத்தான். மறுபாதி, கரும்பச்சை நிறத்திலே தவணைமுறையில் வாங்கிய ஒரு வண்டிக்குப் போயிற்று. அவன் பெயரையும் அவ்வண்டியின் பெயரையும் இங்கே நான் எழுதப்போவதில்லை. நண்பன் என்றும் பச்சை வண்டி என்றும் வாசகர் கொள்வாராக.

வீதியின் வரலாறு

வூட்வேட் என்பது ஒரு நீதிபதியின் பெயர். 1805 இல் டிற்றோயிற் தீக்கிரையான பின், நகரைப் புதிதாக அமைக்கத் திட்டம் வகுத்தவர் அவர். அவர் பெயர் பூண்ட பெருவீதி ஆற்றங்கரையிலே தொடங்கி, வடமேற்காக ஏறத்தாழ 27 மைல் ஓடிப் பொன்ரியாக் என்னும் பட்டணத்தில் முடிகின்றது. பொன்ரியாக் என்பதும் ஒருவரின் பெயரே. 1763 இல் ஆங்கிலேயரின் டிற்றோயிற் கோட்டையை முற்றுகையிட்ட செவ்விந்தியத் தலைவர் அவர். அவர் பெயர் ஊருக்காகி, ஊரின் பெயர் பின்னர் ஒரு மோட்டார் வண்டிக்காயிற்று.

நகரைக் குறுக்கே வெட்டும் வீதிகளுக்கு அங்கே மைற் கணக்கிலேயே பெயர்: ஆறாம் மைல், ஏழாம் மைல், எட்டாம் மைல் என்று. 1909 இல் ஆறாம் மைலுக்கும் ஏழாம் மைலுக்கும் இடையே வூட்வேட் வீதிக்குக் கொங்கிறீற் இட்டார்கள். மோட்டார் வண்டிகளுக்கென அவ்வாறு அமைக்கப்பட்ட முதல் மைல் அதுவே என்பர். அவ்வீதியின் ஓரத்திலேதான் ஹென்றி போட் தமது ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையை நிறுவினார். 1913 இல் அங்கே நகரும் உற்பத்தி வரிசை ஓடத் தொடங்கிற்று. பன்னிரண்டரை மணி நேரம் எடுத்த அடிச்சட்டக வேலை, சில மாதங்களில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. அங்கே உற்பத்தியான 'மொடல் ரீ' வண்டியின் வலு 20 பரிவலு மாத்திரமே. அதாவது, எங்கள் ஊர் ஒஸ்ரினிலும் பாதி.

எட்டாம் மைலைத் தாண்டினால் நகர எல்லை முடியும். அதற்கப்பால் வீதி அகன்று, போகும் திசைக்கு நான்கு நிரை, வரும் திசைக்கு நான்கு நிரை, நடுவே புற்றரையும் மரங்களும் கொண்ட அகன்ற திட்டு என விரிந்தது. நேரான வீதி, இடையிடையே சமிக்ஞை விளக்குகள், இருமருங்கும் வண்டியிலிருந்து இறங்காமலே உண்ணக்கூடிய சிற்றுண்டிச்சாலைகள். இளைஞர் கையில் வண்டியும் கொடுத்து, இப்படி ஒரு வீதியையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கல்வி வேண்டியதில்லை.

தோள்வலி வண்டிகள்

'மஸில் கார்' என்று அமெரிக்கர் பின்னாளிற் பெயரிட்ட வண்டிகளைத் தமிழிலே தோள்வலி வண்டிகள் எனலாம். அவற்றின் சூத்திரம் மிக எளியது. நடுத்தர அளவான, விலை குறைந்த குடும்ப வண்டியொன்றை எடுத்து, பெரிய வண்டிக்கென ஆக்கிய யந்திரத்தை அதனுள் இறக்கிவிடுவது. எடை குறைவு, வலு மிகுதி, ஆகவே ஆர்முடுகல் அதிகம். நியூட்டனின் இரண்டாம் விதி தெரிந்த மாணவன் எவனும் இதைத் தாளில் எழுதிக் காட்டலாம்.

அதைத் துணிந்து செய்தவர்களில் முதன்மையானோர் பொன்ரியாக் பொறியியலாளர்கள். ஜோன் டிலோறியன் தலைமையிலே 1964 ஆம் ஆண்டுக்கென அவர்கள் ஆக்கிய ஜீ.ரீ.ஓ. வண்டியின் யந்திரம் 389 கன அங்குலம், ஏறத்தாழ 6.4 லீற்றர்; 325 பரிவலு. நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட யந்திரம் பொருத்தலாகாது என்பது தாய்க் கம்பனியாகிய ஜெனரல் மோட்டோர்ஸின் விதி. அவ்விதியை மீறாமல் மீறுவதற்கு ஒரு வழி கண்டார்கள். அதை ஒரு புதிய வண்டி என்னாமல், பழைய வண்டியொன்றுக்கு விரும்பினால் வாங்கக்கூடிய மேலதிக உபகரணத் தொகுதி என்று பட்டியலிட்டார்கள். ஐயாயிரம் விற்றாலே போதும் என எண்ணியிருந்தவர்கள், முதலாண்டில் விற்றவை 32,450.

அதன்பின் எந்தக் கம்பனி சும்மாயிருக்கும்? போட் 1964 ஏப்ரலில் மஸ்ராங் வண்டியை வெளியிட்டது. செவ்றோலெற் 396 கன அங்குலத்தோடு வந்தது. 1966 இற் கிறைஸ்லர் கம்பனி, பந்தயக் களத்துக்கென ஆக்கிய 426 கன அங்குல 'ஹெமி' யந்திரத்தை வீதி வண்டிகளிலேயே பொருத்தி விற்றது. ஏழு லீற்றர், 425 பரிவலு. எங்கள் ஒஸ்ரின்கள் பத்தை ஒன்றாகப் பூட்டினாலும் அதற்கு ஈடாகாது. பெற்றோல் ஒரு கலன் முப்பது சதத்துக்குச் சற்று மேல். அக்காலத்தில் அது என்றைக்காவது முடிந்துபோகும் பொருள் என்று நினைத்தவரை நான் காணவில்லை.

பச்சை விளக்கு

முதன்முதலாக நண்பனோடு வூட்வேட் வீதிக்குப் போனது 1966 ஆம் ஆண்டு வேனிற்காலத்தில், ஒரு சனிக்கிழமை இரவு. புறப்படும்போது தாயார் சமையலறை வாயிலில் நின்று என்னை மாத்திரம் அழைத்தார். "அவனோடு நீயும் போகிறாயா? நல்லது. நீ படித்தவன். அவன் அளவு கடந்தால் நீ சொல்லு" என்றார். "சொல்கின்றேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

றோயல் ஓக் என்ற ஊரிலிருந்த 'ரோட்டம் போல்' சிற்றுண்டிச்சாலையிலிருந்து, வடக்கே ஸ்குவெயர் லேக் வீதிச் சந்தியிலிருந்த 'ரெட்ஸ்' சிற்றுண்டிச்சாலை வரைக்கும் வண்டிகள் ஊர்வலம் போல் மெல்லப் போவதும் திரும்புவதுமாய் இருந்தன. நல்லூர்த் திருவிழாவிற் கூட நான் அத்தகைய நெரிசலைக் கண்டது குறைவு. ஒவ்வொரு வண்டியின் வானொலியிலிருந்தும், அதே டிற்றோயிற் நகரில் 1959 இல் தொடங்கிய மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்கள் எழுந்தன. சாளரங்கள் எல்லாம் திறந்திருந்ததனால், ஒரே பாட்டு வண்டிக்கு வண்டி தாவித் தொடர்ந்து வந்தது. வேனில் இரவின் ஈரக்காற்றில் ரயர் கருகிய மணமும் பொரித்த உருளைக்கிழங்கின் மணமும் கலந்திருந்தன.

பந்தயத்துக்கு அழைப்பிதழ் இல்லை. சிவப்பு விளக்கில் இரண்டு வண்டிகள் அருகருகே வந்து நிற்கும். ஓட்டுபவர் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பர். ஒருவன் யந்திரத்தை ஒரு முறை உறுமச் செய்வான். மற்றவன் பதிலுக்கு உறுமச் செய்தால் அது சம்மதம்; செய்யாமல் முன்னே பார்த்தால் மறுப்பு. அதிலே அவமானம் இல்லை. பின்பு எல்லோருடைய கண்களும் விளக்கிலே பதிந்துவிடும்.

விளக்குப் பச்சையாகும் கணத்தை எப்படி எழுதுவேன்? இருக்கை முதுகைத் தள்ளவில்லை. பூமியே முதுகைத் தள்ளிற்று. முன்பக்கம் எழும்பிற்று. எண்புறமும் ஒலி நிறைந்து, ஒலி என்பதே மறைந்து, வயிற்றிலே ஒரு நடுக்கமாய் மாத்திரம் நின்றது. கியர் மாறும்போது அரைக் கணம் அமைதி. பின்னர் மீண்டும் அந்த உந்தல். கால் மைல், அதாவது 1320 அடி, பதினான்கு பதினைந்து செக்கன்களில் முடிந்துவிடும். முடியும்போது முள் 95 மைலையும் கடந்து நிற்கும். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். காரணமே இன்றிச் சிறுபிள்ளை போலச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, அடைவுக் கடையிலே நான்கு டொலருக்கு ஒரு நிறுத்தற் கடிகாரம் வாங்கினேன். அன்று முதல் பச்சை வண்டியின் நேரக் கணக்கர் நானே. அயலிலிருந்த தொழிற்சாலைகளின் பொறியியலாளர் சிலரும் தாம் ஆக்கிய வண்டிகளை இரவில் அவ்வீதியிற் கொண்டுவந்து பரீட்சித்ததுண்டு என்று பின்னாளில் அவர்களே கூறியிருக்கின்றனர். அப்படியாயின் நானும் ஒருவகை விஞ்ஞானியே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

எட்டாம் மைலுக்கு அப்பால்

அக்கூட்டத்திலே ஒன்றைக் கவனிக்க எனக்குச் சில வாரங்கள் சென்றன. நண்பனின் தொழிற்சாலையில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தார்கள். ஆனால் சனி இரவுகளில் எட்டாம் மைலுக்கு வடக்கே கறுப்பினத்து முகத்தைக் காண்பது மிக அரிது. அந்த வீதி நகர எல்லையை மாத்திரம் குறிக்கவில்லை.

ஒரு நாள், அப்பக்கத்து ஊரொன்றிற் பொலிஸார் எங்களை நிறுத்தினர். அன்று நாங்கள் மெல்லத்தான் போய்க்கொண்டிருந்தோம். மின்சூள் விளக்கு நண்பன் முகத்திற் படவில்லை. என் முகத்திலேயே நின்றது. எங்கிருந்து வருகிறாய், இங்கே என்ன வேலை என்ற கேள்விகளுக்கு என் நா எழவில்லை. நண்பன் கதவைத் திறந்து இறங்கி, என் பக்கம் வந்து நின்றான். "இவர் எங்கள் வீட்டில் இருப்பவர். என் தாயாரின் விருந்தாளி. கேட்பதை என்னிடம் கேளுங்கள்" என்றான். அவன் குரல் நடுங்கிற்று, ஆனாலும் சொன்னான். சற்று நேரத்தின் பின் எங்களைப் போகவிட்டார்கள். அதைப் பற்றி அவன் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை.

1967 யூலை 23 ஆம் திகதி, ஞாயிறு விடியற்காலையில், பன்னிரண்டாம் வீதியிற் பொலிஸார் மேற்கொண்ட சுற்றிவளைப்பு ஒன்றோடு நகரம் பற்றி எரிந்தது. ஐந்து நாட்கள். மாண்டவர் 43 பேர். அவர்களில் 33 பேர் கறுப்பர். கைதானோர் ஏழாயிரத்துக்கு மேல். இராணுவ வாகனங்கள் வூட்வேட் வீதியில் ஓடின. மேல்மாடிச் சாளரத்தின் வழியே புகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சொந்த நாட்டிலும் பின்னர் ஒரு யூலையிலே அத்தகைய புகையைக் காண்பேன் என அன்று நான் அறியேன்.

கணக்கும் மௌனமும்

அந்த ஓகஸ்ட் மாதத்திலேதான், ஒரு நாள் இரவு, விளையாட்டாக ஒரு கணக்குச் செய்தேன். இயக்கச் சத்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. இது பௌதிகவியல் மாணவனின் அரிச்சுவடி. வேகம் இரு மடங்கானால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. உலர்ந்த வீதியில் அமர்முடுகலைச் செக்கனுக்குச் செக்கன் 20 அடி என எடுத்துக்கொண்டேன். மணிக்கு 60 மைல் வேகத்தில் வண்டி நிற்க 194 அடி வேண்டும். 90 மைல் வேகத்தில் 436 அடி. வீதி நனைந்து உராய்வு பாதியானால் 871 அடி. கால் பிறேக்கிற் போய்ச் சேருமுன் கழியும் முக்காற் செக்கனுக்கு மேலும் 99 அடி. ஆக, ஏறத்தாழ 970 அடி. ஓடும் கால் மைலின் முக்காற்பங்குக்குச் சமமான தூரம் நிற்பதற்கு மட்டுமே வேண்டும்.

வூட்வேட் வீதியின் விளக்குகளுக்கிடையே அத்தனை தூரம் பல இடங்களில் இல்லை. நடுத்திட்டின் இடைவெளிகளால் வண்டிகள் திரும்புவதோ எந்நேரமும் உண்டு.

அந்தத் தாளை நான்கு தடவை சரிபார்த்தேன். கணக்குச் சரி. மடித்துக் குறிப்பேட்டுள் வைத்தேன். நண்பனுக்குக் காட்டவில்லை.

ஏன் காட்டவில்லை என்பதற்கு எனக்கு நானே அப்போது கூறிய காரணங்கள் பல. அவன் சிரிப்பான், அவனுக்கு இது தெரியாததா, ஊரே ஓடுகின்றது, நான் அந்நியன். இவை யாவும் பொய். உண்மைக் காரணம் ஒன்றுதான். சொன்னால் ஒருவேளை அவன் கேட்டுவிடுவான். கேட்டால் சனிக்கிழமை இரவுகள் நின்றுவிடும். அந்தப் பதினான்கு செக்கன்கள் எனக்கு வேண்டியிருந்தன.

ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. திங்களன்று எனக்குப் பரீட்சை. "வருகிறாயா?" என்று படியில் நின்று கேட்டான். "இன்று இல்லை" என்றேன். "அப்படியானால் கடிகாரத்தையாவது தா" என்றான். கொடுத்தேன். மழையைப் பற்றி ஒரு வார்த்தை நாவின் நுனிவரை வந்தது. வந்து, திரும்பிப் போயிற்று.

இரவு பன்னிரண்டரைக்குத் தொலைபேசி அடித்தது. கால் மைல் முடிந்து, இரு வண்டிகளும் வேகம் தணிக்குமுன், நடுத்திட்டு இடைவெளியிலிருந்து ஒரு குடும்ப வண்டி குறுக்கே திரும்பியிருக்கின்றது. அதிலே பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள்மீது மோதாதிருக்க நண்பன் வண்டியைத் திட்டின்மேல் ஏற்றிவிட்டான். மரம் ஒன்று அதை நிறுத்திற்று. பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. நண்பனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கப்பட்டது.

பத்தாம் நாள், வைத்தியசாலையில் அவன் கட்டிலருகே அமர்ந்து, குறிப்பேட்டிலிருந்த தாளை எடுத்து அவன் கையிற் கொடுத்தேன். மூலையில் இட்டிருந்த திகதியைப் பார்த்தான். எண்களை ஒவ்வொன்றாக வாசித்தான். தொழிற்சாலையில் அளவுகளோடு பழகியவன், அவனுக்கு விளங்கிற்று. நெடுநேரம் கழித்து, "நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்" என்றான். பின்னர், "ஆனாலும் நீ சொல்லியிருக்கவேண்டும்" என்றான்.

அன்றிரவு தாயார் வழக்கம்போல எனக்கு முன்னே சூப்புக் கோப்பையை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விழுங்குவது எளிதாயிருந்திருக்கும்.

ஒரு காலம் முடிகின்றது

இரண்டு மாதத்தின் பின் அவனுக்கு இராணுவ அழைப்பு வந்தது. ஒற்றைக் காலனை யார் எடுப்பார்? எங்களோடு அவ்வீதியில் ஓடியவர்களில் ஒருவன் போனான், வியட்நாமிலிருந்து திரும்பவில்லை. "கடவுள் காலை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவைத்தார்" என்று தாயார் ஒரு நாள் கூறினார். அந்த ஆறுதல் அவருக்கு உரியது. அதில் எனக்குப் பங்கு கிடையாது. என் மௌனம் பின்னால் நன்மையாய் முடிந்தது என்று நான் எண்ணத் தொடங்கினால், அதைவிடப் பெரிய பொய் இல்லை.

1968 இல் நான் ஊர் திரும்பினேன். அந்த வண்டிகளின் காலமும் நெடுநாள் நீடிக்கவில்லை. மோட்டார் வண்டிகளின் ஆபத்தை எடுத்துக்காட்டிய றால்ப் நேடரின் நூல் 1965 இலேயே வெளிவந்து நாட்டை உலுக்கியிருந்தது. அமெரிக்க வீதிகளில் 1966 ஆம் ஆண்டில் மாத்திரம் மாண்டவர் 50,000 பேருக்கு மேல். அதே ஆண்டிலே வண்டிகளின் பாதுகாப்புக்கு மத்திய சட்டம் வந்தது. 1970 இல் வாயுத் தூய்மைச் சட்டம் வந்தது. காப்புறுதிக் கட்டணம் இளைஞருக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோது, பெற்றோல் நிலையங்களில் அமெரிக்கரும் வரிசையில் நின்றார்கள். பழைய ஜீ.ரீ.ஓ. 1974 உடன் முடிந்தது. பொன்ரியாக் என்ற வண்டிப் பெயரே 2010 இல் அற்றுப்போயிற்று. 2013 இல் டிற்றோயிற் நகரம் வங்குரோத்து அடைந்தது.

முடியாதது நினைவு மாத்திரமே. 1995 இல், வூட்வேட் வீதியோரத்து ஃபேண்டேல் ஊரில், சிறுவரின் உதைபந்தாட்ட மைதானத்துக்குப் பணம் சேர்ப்பதற்காகப் பழைய வண்டிகளின் பவனி ஒன்றைத் தொடங்கினார்கள். அது ஆண்டுதோறும் ஓகஸ்டில் நடைபெறும் பெருவிழாவாயிற்று. கோட்ஃபிறி குவால்ஸ் என்ற டிற்றோயிற் பொலிஸ்காரரின் கதையையும் பின்னர் வாசித்தேன். பகலிலே வீதிக் காவல். இரவிலே 'ஹெமி' பூட்டிய கறுப்பு நிற டொட்ஜ் சலெஞ்சரில் வந்து, ஓடி வென்று, மறைந்துவிடுவாராம். அதனால் அவ்வண்டிக்குக் 'கறுப்புப் பேய்' என்று பெயர் வந்தது. 2015 இல் அவர் காலமானார். வண்டி 2020 இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்று, 2023 இல் ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. வேகத்தின் ஆசை காவலனையும் விடவில்லை என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது; துயரமும் வந்தது.

ஊரிலே

யாழ்ப்பாணத்திற் பாடசாலை ஆசிரியனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகவியல் கற்பித்தேன். 1990 இன் பின் எரிபொருள் தடைப்பட்ட காலத்தில், சந்தியடி ஒஸ்ரின் மீண்டும் எழுந்து வந்தது. நாலு துளி பெற்றோலால் யந்திரத்தைக் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வெண்புகை கக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, என் மனைவியை ஒரு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவ்வண்டிதான். பத்து மைல் வேகம் இருந்திருக்குமோ தெரியாது. அன்றும் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி, சேர்ந்தது.

1995 இடப்பெயர்வின்போது கையில் எடுத்துச் சென்ற சிலவற்றுள் அந்தத் தாளும் ஒன்று. ஆண்டுதோறும் இயக்கச் சத்திப் பாடம் வரும்போது, அந்த எண்களையே கரும்பலகையில் எழுதினேன். ஒரு நண்பனின் கால் அதிலே இருக்கின்றது என்பதை மாத்திரம் மாணவருக்குச் சொன்னதில்லை. சென்ற மாதம் வந்த மாணவரிடமும் சொல்லவில்லை. இல்லாத யந்திரத்துக்கு ஏன் சத்தம் என்ற அவருடைய கேள்விக்கு, "இளமைக்கு ஓர் ஒலி உண்டு தம்பி, அதை இழந்தவர்கள் விலை கொடுத்தாவது வாங்கப் பார்க்கிறார்கள்" என்று கூறி அனுப்பினேன். அது அரை விடை. மறுபாதி இதுதான்: அந்த ஒலி இன்றும் என்னைச் சிலிர்க்கச் செய்கின்றது. அன்று நான் வாய்மூடியிருந்ததன் காரணமும் அந்தச் சிலிர்ப்பே.

எங்கள் ஒழுங்கை முகப்பிலே இப்போதெல்லாம் மாலை வேளைகளில் மோட்டார்ச் சைக்கிள்களோடு பையன்கள் கூடுகின்றார்கள். இருவர் அருகருகே நிற்பர். ஒருவன் யந்திரத்தை உறுமச் செய்வான். மற்றவன் பதிலுக்கு உறுமச் செய்வான். எனக்குத் தெரியும் அதன் பொருள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போய், "தம்பியவை, மெதுவா ஓடுங்கோ, மழை பெய்த றோட்டு" என்பேன். "ஓம் சேர்" என்று சிரித்துவிட்டுப் பறந்துபோவார்கள்.

அவர்கள் கேட்பதில்லை. நாளைக்கும் படலையடிக்குப் போவேன்.